பாணியா, பிழையா? அனிமே உருவங்களை டிஜிட்டலில் தீட்டுவோர் தேர்ச்சி பெறும் வழிகள்

அனிமே முகத்தில் கோடுகள் மிகக் குறைவு. மூக்கு ஒரு சிறு கீற்று, வாய் ஒரு வளைவு, தாடை ஒரே இழுப்பு. மீதி இடத்தைக் கண்கள் எடுத்துக்கொள்கின்றன. கோடு குறைவு, ஆகவே வரைவது எளிது என்று நினைத்தே பலரும் இதற்குள் வருகிறார்கள். நூறு கோடுகள் உள்ள உருவச்சித்திரத்தில் ஒன்றிரண்டு பிசகினால் மற்றவை தாங்கிக்கொள்ளும். பத்தே கோடுகளில் அமைந்த முகத்தில் ஒன்று மயிரிழை விலகினாலும் ஆள் மாறிவிடுவார். எளிமையாகத் தெரியும் இந்தக் கலை, ஒவ்வொரு கோட்டின் மீதும் பெரும் பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறது.

கற்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யதார்த்த ஓவியத்தில் ஒரு கை நீளமாகிவிட்டால் அது பிழை என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. அனிமே உருவத்தில் கண் பெரிது, கழுத்து மெலிது, கால் நீளம் என்று எதைச் சுட்டினாலும் “இது என் பாணி” என்ற பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் சில சமயம் உண்மை; பல சமயம் ஒரு மறைவிடம். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாத வரை எத்தனை பேர் கருத்துச் சொன்னாலும், எத்தனை படங்கள் வரைந்தாலும் கை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பிறரின் விமர்சனமும் ஓவியரின் சொந்தப் பயிற்சியும் இந்தத் துறையில் எவ்வளவு தூரம் உதவும், எந்த நிலையில் உதவாமல் போகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஜப்பானிய ஸ்டுடியோக்களின் நடைமுறை, ஓவியக் கல்வியின் மரபு, உளவியல் ஆய்வுகள் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரியும் முடிவு ஒன்று உண்டு. விமர்சனத்தின் வேலை பிழையின் காரணத்தைக் கண்டுபிடிப்பது. பயிற்சியின் வேலை அந்தக் காரணத்தை, அந்தப் படத்துக்கு வெளியே தனியாக எடுத்துத் தீர்ப்பது. இரண்டும் ஒன்றோடொன்று பேசாவிட்டால் இரண்டுமே வீண்.

குறைந்த கோடுகளின் பின்னணி

அனிமே உருவத்தின் கதையை ஒசாமு தெசூக்காவிடமிருந்து தொடங்குவது வழக்கம். 1947இல் வெளியான ‘புதிய புதையல் தீவு’ படக்கதை மூலம் பெயர் பெற்ற அவர், டிஸ்னியின் படங்களையும் ஃப்ளைஷர் சகோதரர்களின் கார்ட்டூன்களையும் ஊன்றிப் பார்த்தவர். அவர் வளர்ந்த தக்கராசூக்கா நகரம், பெண்களே எல்லா வேடங்களையும் ஏற்கும் இசைநாடகக் குழுவுக்குப் பெயர்போனது. அந்த மேடை ஒப்பனையின் எடுப்பான கண்களை, 1953இல் அவர் தொடங்கிய ‘ரிபோன் நோ கிஷி’ படக்கதையில் காணலாம். அதே பத்தாண்டில் மக்கோத்தோ தக்காஹாஷி போன்றோர் சிறுமியருக்கான இதழ்களில் நட்சத்திரம் மின்னும் கண்களைத் தீட்டிப் புகழ்பெற்றார்கள். இன்று அனிமே கண் என்று நாம் சொல்வது இப்படிப் பல ஊற்றுகளிலிருந்து வந்து கலந்தது.

1963 ஜனவரி 1 அன்று தெசூக்காவின் ‘அணுச் சிறுவன்’ தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒரு பாகம் முடித்தாக வேண்டும் என்றால் வரையும் படங்களின் எண்ணிக்கை குறைய வேண்டும், ஒவ்வொரு படத்திலும் கோடு குறைய வேண்டும். செல் என்னும் ஒளிபுகும் தாளின் முன்புறத்தில் கோடு, பின்புறத்தில் தட்டையான வண்ணம், நிழலுக்குக் கூர்மையான எல்லையுடன் இன்னொரு தட்டை வண்ணம் என்பதே வேலைமுறை. இன்று டிஜிட்டலில் ‘அனிமே நூரி’ என்று அழைக்கப்படும் தீட்டும் முறை இதன் நேர் வாரிசு. அடர்த்தியாக வண்ணம் ஏற்றும் ‘அட்சு நூரி’, நீர்வண்ணச் சாயலைத் தரும் ‘சுய்சாய் நூரி’, முதலில் சாம்பல் நிறத்தில் ஒளி நிழலை முடித்துவிட்டுப் பிறகு வண்ணம் ஏற்றும் கிரிசாய் முறை ஆகியவை பின்னர் இதன் அருகில் வளர்ந்தவை.

இந்தச் சுருக்கத்தைச் செய்த கைகள் எதையும் அறியாமல் சுருக்கிவிடவில்லை. தோயே ஸ்டுடியோவில் மியாசாகி போன்ற இளைஞர்களுக்கு வழிகாட்டிய யசுவோ ஓட்சூக்கா, சிறுவயதிலேயே ரயில் எஞ்சின்களையும் ஜீப்களையும் நேரில் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியவர். அந்தப் பழக்கம்தான் பின்னாளில் அவர் வரைந்த வாகனங்களுக்கு எடையையும் அதிர்வையும் தந்தது. ‘பெர்ஃபெக்ட் புளூ’ (1997) எடுத்த சத்தோஷி கோன் மனித முகத்தின் எலும்பமைப்புக்கு மிக நெருங்கிப் போனார். மறுமுனையில் இரண்டு, மூன்று தலை உயரமே உள்ள குட்டி உருவங்கள் இருக்கின்றன. இரண்டும் அனிமேதான். ஆகவே ‘அனிமே உடற்கூறு’ என்று தனியாக ஒன்று இல்லை. உண்மையான உடலிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது, எதை மிகைப்படுத்துவது என்ற முடிவுகளின் தொகுப்பே ஒவ்வொருவரின் பாணியும். முடிவெடுத்து விட்டது பாணி. தெரியாமல் விட்டது பிழை.

பிழை தெரியும் இடமும் பிறக்கும் இடமும்

புதியவரின் படத்தைப் பார்த்து “கண் சரியில்லை” என்று பலரும் சொல்வார்கள். முக்கால் பக்கம் திரும்பிய முகத்தில் இது பெரும்பாலும் கண்ணின் தவறாக இருப்பதில்லை. தலை திரும்பியிருக்கிறது, ஆனால் முகத்தின் நடுக்கோடு நேர்முகத்தில் இருப்பது போலவே நிற்கிறது. அதனால் தூரத்துக் கண் இருக்க வேண்டிய அகலத்தைவிட அகலமாகிறது, வாய் ஒரு பக்கம் வழுக்குகிறது, தாடை கோணுகிறது. கண்ணை எத்தனை முறை அழித்து வரைந்தாலும் தீராது. தலையை உருண்டையாகவும் அதன் மேல் வளைந்து செல்லும் நடுக்கோடாகவும் எண்ணத் தெரிந்தால் கண் தானாக இடத்தில் அமரும். தலையின் பின்பகுதியைச் சிறுத்துவிடுவது இன்னொரு பரவலான பிழை. முகத்தில் மட்டும் கவனம் இருப்பதால் மண்டையோட்டுக்கு இடம் இல்லாமல் போகிறது. முடி அதை மூடிவிடுவதால் வரைபவருக்கே தெரிவதில்லை.

மனிதத் தலையில் கண்கள் ஏறத்தாழ உயரத்தின் பாதியில் இருக்கின்றன. அனிமேயில் அவை கீழே இறங்குகின்றன. எவ்வளவு இறங்குகின்றனவோ அவ்வளவு குழந்தைத்தன்மை கூடும். பதினெட்டு வயதுப் பாத்திரம் பத்து வயதுச் சிறுமி போலத் தெரிகிறது என்றால் திருத்த வேண்டியது பெரும்பாலும் இந்த உயரத்தைத்தான். உடல் விகிதமும் இப்படியே. சராசரி மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம். ஆண்ட்ரூ லூமிஸ் 1943இல் வெளியிட்ட உருவ வரைதல் நூலில் எட்டுத் தலை அளவை இலட்சிய விகிதமாக வைத்தார். அனிமே பாத்திரங்கள் ஆறு, ஏழு தலைகளில் நிற்பது வழக்கம். எந்த எண்ணையும் தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்த பிறகு தோள், இடுப்பு, முழங்கால் ஆகிய எல்லாம் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டும். கால் ஒரு கணக்கிலும் கை வேறு கணக்கிலும் நின்றால் அது பாணி ஆகாது.

அடுத்தது டோன், அதாவது வெளிர்-அடர் ஏற்றத்தாழ்வு. டிஜிட்டலில் அதிகமான படங்கள் தோற்பது இங்கேதான். மென்பொருளின் வண்ணத் தட்டில் முழு மஞ்சளும் முழு நீலமும் ஒரே பிரகாச எண்ணைக் காட்டும். கண்ணுக்கு அவை ஒன்றல்ல. திரையின் வெள்ளை ஒளியில் பச்சையின் பங்கு சுமார் 72 விழுக்காடு, சிவப்பு 21, நீலம் வெறும் 7. அந்தக் கணக்கில் பச்சையும் சிவப்பும் கலந்த முழு மஞ்சள் வெள்ளையின் 93 விழுக்காட்டு ஒளியைத் தர, முழு நீலம் 7 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. எண்ணை நம்பித் தீட்டினால் முகமும் முடியும் பின்னணியும் ஒரே அடர்த்தியில் கலந்துபோகும். எல்லா லேயர்களுக்கும் மேலே சாம்பல் நிற லேயர் ஒன்றை வைத்து அதை ‘கலர்’ கலப்பு முறைக்கு மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையில் தெரியும். அந்த நிலையிலும் முகம் முதலில் கண்ணில் பட்டால் டோன் சரி.

ஒளி எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யாமலே ஒவ்வொரு உறுப்பின் விளிம்பையும் கறுக்க வைப்பது அடுத்த பழக்கம். மூக்குக்கு ஒரு ஒளி, முடிக்கு ஒரு ஒளி, உடைக்கு இன்னொன்று என்று ஆகி, உருவம் தலையணை போல உப்பித் தெரியும். நிழலுக்குக் கறுப்பைக் கலப்பதும் இதன் உடன்பிறப்பு. நிழல் என்பது நேர் ஒளி போகாத இடம். அங்கே வானத்தின் நீலமும் தரையின் நிறமும் சுவரின் சாயலும் வந்து விழுகின்றன. தோலுக்குள் ஒளி சிறிது புகுந்து வெளிவருவதால் ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்பில் சிவப்புச் சாயல் ஏறுகிறது. மாலை வெயிலைப் பின்னால் வைத்து நிற்பவரின் காது மடலைப் பார்த்தால் இது விளங்கும்.

ஒரு நிறம் தனியாக என்னவாகத் தெரியும் என்பதைவிடப் பக்கத்து நிறத்தோடு என்னவாகிறது என்பதே முக்கியம் என்று மிஷெல் செவ்ரோல் 1839இல் விரிவாக எழுதினார். பாரிசின் கோபெலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தபோது, நூலின் நிறத்தைக் குறித்து வந்த புகார்களை ஆராய்ந்ததன் விளைவு அது. அனிமேயில் இந்த அறிவைத் தொழிலாகவே செய்தவர் கிப்லி ஸ்டுடியோ படங்களின் வண்ண வடிவமைப்பாளர் மிச்சியோ யசுதா. ‘அகிரா’ (1988) படத்துக்கு 327 வண்ணங்கள் பயன்பட்டன. அவற்றில் 50 அந்தப் படத்துக்கென்றே கலந்தவை. இரவு நகரத்தின் இருளுக்குள் இத்தனை வேறுபாடுகள் இருக்கின்றன என்று கண்டுகொண்டவர்களின் உழைப்பு அது.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். கருந்தோல் உள்ள பாத்திரத்தை வரையும் பலர், வெளிர்தோலுக்குப் பழகிய முறையிலேயே பழுப்பை ஊற்றி, இன்னும் அடர்ந்த பழுப்பால் நிழலிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். தோல் மண்போலச் செத்துவிடுகிறது. தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் பளபளப்பு எந்த நிறத் தோலிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். அடிநிறம் அடர்த்தியாக இருப்பதால் கருந்தோலில் அது எடுப்பாகத் தெரிகிறது. நெற்றி, கன்ன எலும்பு, தோள் ஆகிய இடங்களில் வானத்தின் நிறம் படிவதைக் கவனித்துத் தீட்டினால் தோல் உயிர்பெறும். பழக்கமான அனிமே படங்களில் இதற்கு முன்மாதிரி குறைவு. நேரில் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

உடையும் அப்படியே. துணியின் மடிப்பு, அது எங்கே பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறதோ அங்கிருந்து பிறக்கிறது. யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி, ராம் மோகன் இணைந்து இயக்கிய இந்திய-ஜப்பானிய ராமாயணப் படம் (1993), 2025 ஜனவரியில் தமிழிலும் திரைக்கு வந்தது. அதைப் பார்த்தவர்கள் வேட்டியும் அங்கவஸ்திரமும் அனிமே கோட்டில் எப்படி வடிவம் கொள்கின்றன என்று கண்டிருப்பார்கள். பள்ளிச் சீருடைப் பாவாடையின் மடிப்பை மட்டும் மனப்பாடம் செய்த கையால் தாவணியின் விழுகையை வரைய முடியாது.

திருத்தத் தாளின் மரபு

ஒருவர் வரைந்ததன் மேலேயே இன்னொருவர் திருத்தி வரைந்து காட்டுவது டிஜிட்டல் காலத்துப் புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானிய ஸ்டுடியோக்களில் இது பழைய ஒழுங்கு. பலர் சேர்ந்து வரையும் படத்தில் ஒரே பாத்திரம் காட்சிக்குக் காட்சி முகம் மாறிப்போகும். அதைத் தடுக்க, மற்றவர்களின் மூலப்படங்களைப் பார்த்துச் சீர்படுத்தும் பொறுப்பு 1963இல் தோயேயின் ‘வன்பாக்கு ஓஜி’ படத்தில் யசுஜி மோரிக்குத் தரப்பட்டது. 1968இல் இசாவோ தக்காஹாத்தா இயக்கிய ‘ஹோல்ஸ்’ படத்தில் ஓட்சூக்கா அதே பொறுப்பில், அசைவோவிய இயக்குநராகப் பணியாற்றினார். அந்தப் பொறுப்பு இன்று வரை தொடர்கிறது. மூலப்படத்தின் மேல் மெல்லிய வண்ணத் தாளை வைத்து, திருத்தம் வேண்டிய கோடுகளை மட்டும் அசைவோவிய இயக்குநர் வரைவார். கீழே இருக்கும் படம் அழியாது. தான் வரைந்ததற்கும் வரைந்திருக்க வேண்டியதற்கும் உள்ள இடைவெளியை இளைய ஓவியர் ஒரே பார்வையில் காணலாம்.

இந்த முறையின் உண்மையான பலம் அளவுகோலில் இருக்கிறது. பாத்திரத்தின் முன்னும் பின்னும் பக்கமும், சிரிப்பும் கோபமும் வரையப்பட்ட மாதிரித் தாள் முன்கூட்டியே எல்லோர் கையிலும் உள்ளது. திருத்துபவர் தம் விருப்பத்தைத் திணிப்பதில்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வடிவத்தோடு ஒப்பிடுகிறார். பாணியா பிழையா என்ற சச்சரவு அங்கே எழுவதே இல்லை. தனியாக வரைபவரும் தம் பாத்திரத்துக்கு இப்படியொரு மாதிரித் தாளைத் தயாரித்து வைத்துக்கொண்டால், விமர்சிப்பவருக்கும் தமக்கும் பொதுவான தரை ஒன்று கிடைக்கும்.

ஜப்பானில் கலைப் பல்கலைக்கழக நுழைவுக்குத் தயார் செய்யும் பயிற்சிப் பள்ளிகளில் இன்னொரு மரபு உண்டு. ஒரே சுண்ணச் சிலையைப் பார்த்து எல்லோரும் வரைந்த பென்சில் படங்களைச் சுவரோரம் வரிசையாக வைத்து, ஆசிரியர் ஒவ்வொன்றையும் எல்லோர் முன்னிலையிலும் மதிப்பிடுவார். பொருள் ஒன்றே என்பதால் யார் எதைக் காணத் தவறினார் என்பது அப்பட்டமாகத் தெரியும். 2006இல் மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைத் துறையைத் தனிப் புலமாகத் தொடங்கிய கியோட்டோ செய்க்கா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் படக்கதை வரைதலும் முறையான கல்வியாகவே நடக்கிறது.

மேலே வரைந்து காட்டுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அது விடையைக் காட்டுகிறது, காரணத்தைச் சொல்வதில்லை. திருத்திய படத்தைப் பார்த்து அதே போல் மாற்றிக்கொண்டால் அந்த ஒரு படம் நன்றாகிவிடும். அடுத்த படத்தில் அதே பிழை திரும்பும். ஸ்டுடியோவில் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் கையில் வந்து விழுவதால் காரணம் மெல்ல மெல்லப் பிடிபடுகிறது. எப்போதாவது ஒரு திருத்தம் பெறும் தனி ஓவியருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருக்குத் திருத்தத்தோடு ஒரு வாக்கியமும் வேண்டும்: “தலை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, அதனால் புருவக்கோடு வளைய வேண்டும்.” இந்த ஒரு வரி பத்துப் படங்களுக்கு உதவும்.

ஆய்வுகள் காட்டுவது

விமர்சனம் எப்போதும் நன்மையே தரும் என்ற நம்பிக்கையை 1996இல் குளூகர், டெநீசி ஆகிய இருவரின் தொகுப்பாய்வு உலுக்கியது. பல துறைகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பின்னூட்டம் சராசரியாகத் திறனை உயர்த்தினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் அதைக் குறைத்திருந்தது. செய்த வேலையை விட்டுச் செய்தவரின் தகுதியை நோக்கிக் கவனம் திரும்பும்போது பலன் கெடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். “உனக்கு வண்ண அறிவே இல்லை” என்பதும், “நீ பிறவிக் கலைஞன்” என்பதும் இந்த வகையில் ஒரே தவறைச் செய்கின்றன. இரண்டுமே படத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

1988இல் ரூத் பட்லர் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. குறிப்பான கருத்து மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் திறனும் வளர்ந்தன. மதிப்பெண்ணோடு சேர்த்துக் கருத்துப் பெற்றவர்களிடம் அந்த வளர்ச்சி காணப்படவில்லை. இன்று படத்தின் கீழ் ஏறும் விருப்பக் குறிகளின் எண்ணிக்கையும் ஒரு மதிப்பெண்தான் என்று நான் கருதுகிறேன். எண் கண்ணில் பட்டதும் கருத்து காதில் விழுவதில்லை. கற்பதற்கான படத்தை நம்பிக்கையான ஓரிருவரிடம் காட்டுவதும், பாராட்டுக்கான படத்தைப் பொதுவில் வைப்பதும் வேறு வேறு செயல்கள் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

வரைதலைப் பற்றியே செய்த ஆய்வுகளும் உண்டு. பார்ப்பதை ஏன் பெரும்பாலோரால் அப்படியே வரைய முடிவதில்லை என்று 1997இல் கோயன், பென்னெட் ஆராய்ந்தார்கள். கையின் நடுக்கமோ தேர்ச்சியின்மையோ முக்கியக் காரணமாகத் தெரியவில்லை; பொருளைத் தவறாகக் காண்பதே தலையாய காரணம். 2005இல் கோயன் தனியாக வெளியிட்ட ஆய்வில், பொருளையும் தாளையும் அடிக்கடி மாறி மாறிப் பார்ப்பவர்கள் துல்லியமாக வரைவது தெரிந்தது. விலை உயர்ந்த டேப்லெட்டும் புதிய பிரஷ் தொகுப்பும் வாங்கினால் தேறிவிடலாம் என்று எண்ணுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பழக வேண்டியது முதலில் கண். இலவசமாகக் கிடைக்கும் கிரித்தா மென்பொருளே அந்தப் பழக்கத்துக்குப் போதும்.

நகலெடுப்பதா, நேரில் பார்ப்பதா?

அனிமே வரைபவர்களுக்குள் நெடுநாளாக நடக்கும் வாதம் இது. ஒரு சாரார் பிடித்த ஓவியரை நகலெடுத்தே கற்கலாம் என்கிறார்கள். மறு சாரார் அனிமேயைத் தொடாமல் முதலில் உடற்கூறு கற்க வேண்டும் என்கிறார்கள்.

நகலெடுப்பதற்கு நீண்ட மரபு உண்டு. ஜப்பானின் கானோ ஓவியப் பள்ளியில் ஆசான்களின் மாதிரிப் படங்களைத் திரும்பத் திரும்பப் படியெடுப்பதே அடிப்படைக் கல்வி. ஐரோப்பாவில் சார்ல் பார்க் தொகுத்த வரைதல் பாடத் தாள்களை வான் கோக் முழுமையாகப் படியெடுத்துப் பயின்றார். 2017இல் ஒகாதா, இஷிபாஷி ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். தமக்குப் பழக்கமில்லாத பாணியில் உள்ள படத்தை நகலெடுத்த மாணவர்கள், பிறகு சொந்தமாக வரைந்தபோது கூடுதல் படைப்புத்திறன் காட்டினார்கள். பழகிய பாணியை நகலெடுப்பது அந்தப் பலனைத் தரவில்லை. ஒரே அனிமே ஓவியரை ஆண்டுக்கணக்கில் படியெடுப்பவர் தேங்கி நிற்பதன் காரணம் இதில் இருக்கிறது. செல் பாணியில் வரைபவர் வேறு பாணி ஓவியர்களான ஹொகுசாயின் கோட்டையும் முக்காவின் துணி மடிப்பையும் கசுவோ ஓகாவின் பின்னணி இலைகளையும் படியெடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் நகல், இன்னொருவர் எடுத்த முடிவுகளை மட்டுமே காட்டும். அவர் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது நகலில் இல்லை. கழுத்தின் இரு தசைகளை ஓர் ஓவியர் ஒரே கோட்டில் சுருக்கியிருப்பார். அந்தத் தசை காதின் பின்னிருந்து மார்பெலும்பின் உச்சிக்கு ஓடுவதை அறிந்தவருக்குத்தான் தலை திரும்பும்போது அந்தக் கோடு எப்படித் திரும்பும் என்று தெரியும். பிரிட்ஜ்மன், அவரிடம் பயின்ற லூமிஸ் ஆகியோரின் உருவ வரைதல் நூல்கள் தலைமுறைகள் தாண்டிப் பயன்படுவது இதனால்தான். ஆகவே வாதத்துக்கு என் விடை: இரண்டும் வேண்டும், ஒரே கேள்விக்காக வேண்டும். கை வரைவதில் சிக்கல் என்றால் முதலில் சொந்தக் கையைக் கண்ணாடியில் பார்த்து வரைய வேண்டும். பிறகு மூன்று ஓவியர்கள் அதே நிலையிலான கையை எப்படிச் சுருக்கினார்கள் என்று படியெடுக்க வேண்டும். கடைசியில் எதையும் பாராமல் நினைவிலிருந்து வரைந்து ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடும் வேலையில் டிஜிட்டலுக்கு இணை இல்லை. படியெடுத்ததை மூலத்தின் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்தால் எந்தக் கோடு எவ்வளவு விலகியது என்று உடனே தெரியும். பிழைகள் ஒரே திசையில் திரும்பத் திரும்ப விலகினால் அது கண்ணின் பழக்கம். அதைக் குறித்து வைக்க வேண்டும். புகைப்படத்திலிருந்து நிறத்தை அப்படியே உறிஞ்சி எடுக்கும் கருவியை மட்டும் பயிற்சியின்போது தள்ளி வைப்பது நல்லது. முதலில் கண்ணால் ஊகித்துத் தீட்டி, அதன் பிறகு அந்தக் கருவியால் சரிபார்த்தால் கண் பழகும். படியெடுத்த எதையும் சொந்தப் படைப்பாக வெளியிடாமல், மூல ஓவியரின் பெயரோடு பயிற்சி என்று குறிப்பது இந்தக் கல்வியின் நாணயம். பார்த்து வரைய எடுக்கும் மாதிரியிலும் எச்சரிக்கை தேவை. கணினி தானாக உருவாக்கிய படங்களில் மடிப்பும் விரலும் காரணமின்றி அமைவதுண்டு; காரணம் இல்லாத இடத்தில் கற்க எதுவும் இல்லை.

விமர்சனத்திலிருந்து பயிற்சிக்கு

கருத்துக் கேட்பவர் “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “அருமை” என்ற பதில்தான் வரும். என்ன செய்ய முயன்றார், எந்த ஓவியரை மனத்தில் வைத்திருந்தார், எந்த இடத்தில் ஐயம் என்று மூன்றையும் சொன்னால் பதிலின் தரம் மாறும். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறை இதற்கு நல்ல வழிகாட்டி. முதலில் பார்வையாளர் தம் மனத்தில் பதிந்ததைச் சொல்வார். அடுத்துக் கலைஞர் தம் கேள்விகளைக் கேட்பார். பிறகு பார்வையாளர் சாய்வில்லாத கேள்விகளை எழுப்புவார். கடைசியில், கலைஞரின் இசைவோடு தம் கருத்தைச் சொல்வார். “பின்னணி ஏன் நீலம்?” என்ற கேள்விக்கு வரைந்தவரிடம் காரணம் இருந்தால் அது பாணி, இல்லையென்று அவரே உணர்ந்தால் திருத்தம் அங்கேயே தொடங்கிவிட்டது.

கருத்துச் சொல்பவர் பெரியதிலிருந்து சிறியதற்குப் போக வேண்டும்: படத்தின் நோக்கம், உடலின் நிலையும் எடையும், விகிதம், டோன், நிறம், விளிம்புகள், நுண்விவரம் என்ற வரிசை. நிற்கும் உருவத்தின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்றே தெரியாத படத்தில் கண்ணிமை முடியைப் பற்றிப் பேசுவது வரைந்தவரின் நேரத்தைப் பறிப்பது. ஒரு முறைக்கு ஒன்றிரண்டு காரணங்களைச் சொன்னால் போதும்.

பெற்ற கருத்தைப் பயிற்சியாக மாற்றுவது வரைந்தவரின் வேலை. “முடி பிளாஸ்டிக் போல இருக்கிறது” என்று ஒருவர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். காரணத்தைத் தேடினால், இழை இழையாக வரைந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பளபளப்பு வைத்தது தெரியும். தலை ஒரு கோளம். அதைச் சுற்றி ஒளி ஒரே வளையமாக விழுகிறது. ஜப்பானிய ஓவியர்கள் தேவதை வளையம் என்று அழைப்பது அதைத்தான். அப்படியானால் பயிற்சி இதுதான்: ஒரு வாரத்துக்குப் புதிய படம் வேண்டாம். முடியை நான்கைந்து பெரிய கற்றைகளாக மட்டும் பிரித்து, இரண்டே டோன்களில், பல ஒளித்திசைகளில் சிறு சிறு படங்களாக வரைய வேண்டும். அதன் பிறகே பழைய படத்துக்குத் திரும்ப வேண்டும். மேடையில் பாடும் கீர்த்தனையை மட்டுமே பாடிக்கொண்டிருப்பவருக்குக் குரல் தேறாது. சாதகம் தனியாக வேண்டும். ஓவியத்திலும் அப்படித்தான். 1993இல் உளவியலாளர் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து வகுத்த திட்டமிட்ட பயிற்சி என்ற கருத்தும் இதையே வலியுறுத்துகிறது: குறிப்பிட்ட குறையைக் குறிவைத்து, உடனுக்குடன் விளைவைச் சரிபார்த்துச் செய்யும் பயிற்சியே திறனை வளர்க்கும்.

விமர்சிக்க யாரும் கிடைக்காத நாள்களும் உண்டு. 1435இல் இத்தாலியக் கலையறிஞர் ஆல்பெர்ட்டி, ஓவியத்தின் குறையறியக் கண்ணாடியைத் துணைகொள்ளச் சொன்னார். லியனார்டோவும் அதையே வலியுறுத்தினார். இன்று கிரித்தாவில் ‘எம்’ விசையைத் தட்டினால் படம் இடவலமாகத் திரும்பிவிடும். பழகிப்போன கண் அதுவரை மன்னித்துவந்த சாய்வெல்லாம் அப்போது வெளிப்படும். படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதும், ஓரிரு நாள் மூடி வைத்துத் திறப்பதும் இதே வேலையைச் செய்கின்றன.

முடிவுரை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து நான்கு முடிவுகளுக்கு வரலாம். அனிமே பாணி என்பது உண்மையான உடல், ஒளி, துணி ஆகியவற்றின் மீது எடுக்கும் முடிவுகளின் தொகுப்பு. அடிப்படை தெரியாமல் முடிவெடுக்க இயலாது. விமர்சனம் பொதுவான அளவுகோல் ஒன்றை வைத்துக்கொண்டு, வேலையை நோக்கி, காரணத்தோடு சொல்லப்படும்போது மட்டுமே பலன் தருகிறது. நகலும் நேர்ப் பயிற்சியும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. ஒரே கேள்வியை இரு பக்கமிருந்து அணுகும் வழிகள். பெற்ற கருத்து ஒரு தனிப் பயிற்சியாக மாறாத வரை அது அந்த ஒரு படத்தோடு முடிந்துவிடும்.

அனிமே வரைவதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கட்டுரை ஒரு கோரிக்கை வைக்கிறது. பெரிய கண்களை வரைந்துகொண்டு வரும் மாணவரிடம் அதை விட்டுவிடச் சொல்லாதீர்கள். அந்தக் கண் எந்த உருண்டையின் மேல் அமர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். வரைபவர்களுக்கு ஒரு சொல்: “இது என் பாணி” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை வேறு விதமாகவும் வரையத் தெரிந்த பிறகு சொல்லுங்கள். அப்போது அந்தச் சொல்லை யாரும் மறுக்க முடியாது.